அத்தைக்கு ஊர் சுற்றிக் காட்டிய வகையில்

ஏப்ரல் 5
ஆபீஸிலிருந்து

அக்காவுக்கு,

உன் மாமியார் வந்து சேர்ந்துவிட்டார். ஒரு பெட்டி, ஒரு பை, கழுத்தில் விசில். டிரில் டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இத்தனை வருஷமாகியும் அதைக் கழற்றவில்லை. ரயில் நிலையக் கூட்டத்தில் என்னைக் காணவில்லை என்று எடுத்து ஊதினார். நான் மட்டுமா, இரண்டு போர்ட்டர்களும் ஒரு போலீஸ்காரரும் விறைப்பாகத் திரும்பி நின்றார்கள்.

இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். என் வீடு ஒரே அறை. போனில் முணுமுணுத்தால்கூட அடுப்பு மூலையிலிருந்து "என்ன தம்பி?" என்று குரல் வருகிறது. மெசேஜ் அனுப்பலாம் என்றால், படம் எடுக்க வேண்டுமென்று என் போனை அவரே வாங்கி வைத்துக்கொண்டார். ஆபீஸ் கணினியில் சொந்த விஷயம் எழுதினால் மேலதிகாரிக்கும் சேர்த்தே போகும். அதனால் கூரியர். நீயும் ஆபீஸ் முகவரிக்கே எழுது.

இப்போது விஷயம். "அத்தைக்கு முழங்கால் வலி, பெரிய டாக்டரிடம் காட்டு, அப்படியே ஊரையும் சுற்றிக் காட்டு" என்றாய். நான் மூன்றாம் மாடியில் இருக்கிறேன். ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் பரிசோதிக்கிறவன் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் செத்துக் கிடக்கிறது. சிரிக்காதே. அதன் பராமரிப்பு எங்கள் கம்பெனியிடம் இல்லை, நான் கை வைக்கக் கூடாது. அத்தை பெட்டியோடு படியேறினார். நான் பையோடு பின்னால் ஏறினேன். மேலே போய்ச் சேர்ந்தபோது அவர் கதவில் சாய்ந்து நின்றுகொண்டு, "என்ன தம்பி, இந்த வயசுல மூச்சு வாங்குது?" என்றார்.

ஆகவே முழங்கால் பாஸ். டாக்டர் தேவையில்லை. எதற்காக அனுப்பினாய்? சுற்றி வளைக்காமல் ஒரே வரியில் எழுது.

ஸ்பேனர்


ஏப்ரல் 7

அன்புள்ள ஸ்பேனருக்கு,

ஒரே வரியில் எழுதச் சொன்னால் எனக்கு வணக்கம்கூட எழுத வராது. உனக்குத் தெரியும். பொறுமையாகப் படி. நிற்கிற இடத்திலேயே படிக்காதே, உட்கார்ந்து படி.

உங்கள் ஊரில் தண்ணீர் பரிசோதனைக் கூடம் இருக்கிறதே, பெரியது, அதற்கு என்னைத் தலைமைக்குக் கூப்பிடுகிறார்கள். இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். இங்கே நான் பத்துப் பேர் இருக்கிற கூடத்தில் மூன்றாவது ஆள். இனி இப்படி ஒன்று வராதுடா. வந்த அன்று கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய்விட்டேன்.

உன் மாமாவுக்குக் கட்டட வரைபட வேலைதான், எங்கே உட்கார்ந்தும் வரையலாம். சந்தோஷம்தான் அவருக்கும். ஆனால் அத்தை? இந்த ஊரில் பாதிப் பேர் அத்தையிடம் படித்தவர்கள். கடைக்காரர்கூட அவரைப் பார்த்தால் கூன் நிமிர்கிறார். இதை விட்டு வருவாரா? "நீங்களே கேளுங்களேன்" என்றேன் உன் மாமாவிடம். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "நான் கேக்க மாட்டேன். கேட்டா அம்மா வந்துடுவாங்க. மனசில்லாம வருவாங்க. அப்புறம் வாழ்நாள் பூரா சந்தோஷமா இருக்கிற மாதிரி நடிப்பாங்க." நாங்கள் இருவரும் இரண்டு வாரமாக ஒருவருக்கொருவர் உப்பு, தண்ணீர் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம்.

அப்போதுதான் அத்தை ஒருநாள் நொண்டிக்கொண்டே எழுந்து வந்து முழங்கால் வலி என்றார். அதைப் பிடித்துக்கொண்டேன். உன் ஊரைக் காட்டு. அவருக்குத் தானாகவே பிடித்துப்போனால் பிறகு கேட்பது எளிது. பிடிக்கவில்லை என்றால் நான் வேண்டாம் என்று எழுதிவிடுவேன். அவரைத் தனியே விட்டும் வரமாட்டேன், இழுத்துக்கொண்டும் வரமாட்டேன்.

வேலை விஷயம் அவர் காதில் விழவே கூடாது. உன் வாய்க்குப் பூட்டுப் போடு. எப்படிப் போகிறது என்று மட்டும் எழுது. உன் மாமா கேட்கவில்லை, ஆனால் கூரியர்காரன் மணியடித்தால் முதலில் எழுந்திருக்கிறவர் அவர்தான்.

அக்கா


ஏப்ரல் 10

அக்காவுக்கு,

புரிந்தது. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் டாக்டரிடம் முன்பதிவு செய்திருக்க மாட்டேன். ரத்து செய்தாயிற்று. அத்தை ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

நான்கு நாள் அரைநாள் விடுப்பு எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு இடத்துக்கும் பாஸ் அல்லது ஃபெயில் போடுகிறேன்.

முதலில் பார்வைக் கோபுரம். அங்கே லிஃப்ட் தரைமட்டத்துக்கு இரண்டு விரல் மேலே நிற்கிறது. கால் தடுக்கும். நான் ஆப்பரேட்டரிடம் சொன்னேன், அவன் "மேல போய் வ்யூ பாருங்க சார்" என்றான். மேலே ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை, நடுவில் ஆறு. ஊரே ஆற்றுப் பக்கம் நின்று படம் எடுக்கிறது. அத்தை ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"அந்தப் பக்கம் மாடியில ஒருத்தரும் துணி காயப் போடலியே?"

"அது ஆபீஸ் கட்டடம் அத்தை."

"இந்தப் பக்கம் போட்டிருக்காங்களே."

"அது வீடுங்க."

"சாயந்திர வெயில் அங்க விழுமா?"

கோபுர உச்சிக்குக் கூட்டிப்போனால் துணி காய்கிறதைப் பார்க்கிறார். கீழே இறங்கி மெயின் ரோட்டைக் கடக்கும்போது காதைப் பொத்திக்கொண்டு, "இங்க மனுஷன் குடியிருப்பானா!" என்றார். அவர் வாயாலேயே சொன்னது. ஃபெயில்.

அடுத்து அருங்காட்சியகம். அரசர் காலத்து வாள், கேடயம், மூன்று ஆள் உயரக் கடிகாரம். அத்தை ஒன்றையும் பார்க்கவில்லை. வாசல் காவலாளியோடு பேச உட்கார்ந்துவிட்டார். வீடு எங்கே, பஸ் நேரத்துக்கு வருமா, மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நிற்குமா. அந்த ஆளுக்கு ஒரே குஷி. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து, கழிவறை எங்கே என்பதைத் தவிர யாரும் அவரிடம் எதுவும் கேட்டதில்லையாம். எனக்குக் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போயிற்று. ஃபெயில்.

ஸ்பேனர்


ஏப்ரல் 12

ஸ்பேனரே,

"இங்க மனுஷன் குடியிருப்பானா" என்றாரா? நிஜமாகவா? சிரித்துக்கொண்டு சொன்னாரா, முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னாரா? இதையெல்லாம் எழுத மாட்டாயே. இரண்டு விரல் லிஃப்டைப் பற்றி மட்டும் எழுதுவாய்.

நீ வேகமாக நடக்கிறாயோ என்னவோ. பசி நேரத்தில் கோபுரத்தில் ஏற்றினாயா? அத்தைக்குப் பசித்தால் எதுவும் பிடிக்காது. வெளியூர் எங்கேயாவது கூட்டிப்போ. அணை, அருவி, அந்த மாதிரி. தண்ணீரைப் பார்த்தால் யாருக்கும் மனசு இளகும்.

நேற்று உன் மாமா கேட்டார், "அம்மா ஏதாவது சொன்னாங்களாமா?" "ரசித்துப் பார்க்கிறாராம்" என்றேன். பொய். உடனே ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார், நான் கேட்காமலே.

அக்கா


ஏப்ரல் 15

அக்காவுக்கு,

முகத்தைப் பார்த்து எழுது என்றாய். பார்த்தேன். இறுதி அறிக்கை இதோ.

சனிக்கிழமை நகரச் சுற்றுலா பஸ். டிக்கெட் ஒன்று, எங்கு வேண்டுமானாலும் இறங்கி அடுத்த பஸ்ஸில் ஏறலாம். எல்லோரும் கோட்டையில் இறங்குவார்கள், துறைமுகத்தில் இறங்குவார்கள். அத்தை கோட்டைக்கும் துறைமுகத்துக்கும் நடுவே, பார்க்க ஒன்றுமே இல்லாத தெருவில் இறங்கினார். ஒரு வீட்டுக் கதவைத் தட்டித் தண்ணீர் கேட்டார். "என் பையில பாட்டில் இருக்கு அத்தை" என்றேன். "அது உன் தண்ணி" என்றார். குடித்தார். வாயிலேயே வைத்துக்கொண்டு யோசித்தார். "உப்பு" என்றார். அடுத்த பஸ். அடுத்த நிறுத்தம், அடுத்த வீடு. மறுபடி தண்ணீர். எனக்கு மானம் போயிற்று. அந்த வீட்டம்மா இவரை உட்காரவைத்துப் பேச ஆரம்பிக்க, நான் வாசலில் கடன் கேட்க வந்தவன் மாதிரி நின்றேன்.

அரண்மனைக்குப் போனோம். அதாவது அதன் பின்பக்கம் போனோம். அங்கே ஒரு விளையாட்டு மைதானம். சின்னப் பெண்கள் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தார்கள். கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் நின்றவர்தான். "சொல்லிக் கொடுக்க ஆளில்ல போல. கைய எப்படி வெக்கிறா பாரு" என்று புலம்பல். உள்ளே போக வாங்கிய டிக்கெட் என் சட்டைப்பையிலேயே வியர்வையில் நனைந்து கூழாயிற்று. அரண்மனையில் நாங்கள் பார்த்தது ஒரு சுவர்.

ஞாயிற்றுக்கிழமை அணை, அருவி. நீ சொன்னபடிதான். போகும்போது தூக்கம், வரும்போதும் தூக்கம். அணையில் மட்டும் விழித்துக்கொண்டு, "இந்தத் தண்ணி ஊர்ல எந்தப் பக்கத்துக்குப் போகுது?" என்றார். "நான் லிஃப்ட் ஆளு அத்தை" என்றேன். அருவிப் பக்கம் திரும்பவே இல்லை. எல்லோரும் நனைந்து கூச்சலிட்டுக்கொண்டிருக்க, இவர் ஒரு கல்லில் உட்கார்ந்து, "தம்பி, உங்க ஊருக்குள்ள மனுஷங்க சும்மா உக்காந்து பேச இடம் எதாவது இருக்கா?" என்று கேட்டார். அருவிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது?

நான் மழுப்பிப் பழக்கமில்லாதவன். ஊர் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு இடம்கூடத் தேறவில்லை. உனக்கு இது கஷ்டமாக இருக்கும் என்று தெரிகிறது. ஆனால் கயிறு தேய்ந்த லிஃப்டை ஓடும் என்று எழுதித்தர என்னால் முடியாது.

ஸ்பேனர்


ஏப்ரல் 17

தம்பி,

உன் கடிதம் வந்தது. இரண்டு முறை படித்தேன். பிறகு உன் மாமாவிடம் கொடுத்தேன்.

வேண்டாம் என்று எழுதிவிட்டேன். "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்று ஒரே வரி. பார்த்தாயா, எனக்கும் ஒரே வரியில் எழுத வருகிறது. நாளை சாயந்திரம் இயக்குநர் கிளம்புவதற்குள் கையில் கொடுத்துவிடுவேன். இருபது வரை காத்திருந்தால் மனசு மாறும், மாறினால் யாரையாவது இழுத்துக்கொண்டு வரத் தோன்றும்.

உன் மாமா அளவு நாடாவை எடுத்து மேஜை டிராயரில் போட்டு மூடினார். அது வேறு கதை. அங்கே கிளம்புவதற்கு முன் அத்தை மதியம் தூங்கும்போதெல்லாம் சத்தம் போடாமல் அவருடைய கட்டிலை, அலமாரியை, தையல் மெஷினை எல்லாம் அளந்து, அங்கே வரப்போகிற வீட்டில் அம்மாவுக்கு ஜன்னலோரம் கட்டில் எப்படிப் போடலாம் என்று வரைந்து வைத்திருந்தார். கேட்கத் தைரியமில்லாத மனுஷன் அளக்க மட்டும் போயிருக்கிறார். நேற்றுத்தான் அந்தத் தாளைப் பார்த்தேன். இத்தனை நாள் சண்டை அதோடு போயிற்று, அதுவே போதும்.

அத்தையிடம் முகத்தைக் காட்டாதே. ஒரு ஊர் பிடிக்காமல் போவது தப்பா? அவருக்கு என்ன வேண்டுமோ வாங்கிக் கொடுத்து, நல்லபடியாக ரயிலேற்று.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 19

அக்கா,

நேற்று போனில் நான் கத்தியதில் உனக்கு "கொடுக்காதே" என்ற ஒரு வார்த்தையாவது கேட்டதா? பிறகு அத்தை போனைப் பிடுங்கிப் பேச, நீ அழ, அவர் "அழாதடி" என்று அதட்ட, மாமா உன் ஆபீஸ் லைனில் வர, ஒன்றும் உருப்படியாகப் பேசவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

உன் கடிதம் நேற்று மதியம் வந்தது. "நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்ற வரியைப் படித்ததும் எனக்கு ஏதோ ஆகிவிட்டது. ஒரு பெரிய கடையின் லிஃப்டைப் பாதியில் நிறுத்தி, பலகையைத் தொங்கவிட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். வீடு பூட்டியிருந்தது. எங்கே போயிருப்பார் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தெருமுனையிலேயே விசில் சத்தம் கேட்டது. அரண்மனைப் பின்பக்கம் என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான்.

மைதானத்தில் அந்தப் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் அத்தை, என் பழைய கான்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு, வாயில் விசில். நான் வேலிக்கு வெளியே நின்றபடியே கத்தினேன்.

"அத்தை! ஊர் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு நேரா சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே! உங்களால அக்கா வேலைய வேண்டாம்னு எழுதிக் கொடுக்கப் போறா!"

ஆம், பூட்டு உடைந்துவிட்டது. மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன், நல்லதற்குத்தான் உடைந்தது.

விசில் வாயிலிருந்து விழுந்தது. "எந்த வேலைய? இந்த ஊர் வேலையையா? ஏன்?"

"உங்களுக்கு ஊர் பிடிக்கலியே!"

"எவன்டா சொன்னது?"

"நீங்கதான். 'இங்க மனுஷன் குடியிருப்பானா'ன்னு..."

"அடேய், அந்த மெயின் ரோட்டைச் சொன்னேன்டா. அங்க எவன் குடியிருப்பான்? அதான் அந்தப் பக்கமே வீடு பாக்கலை."

"வீடா?"

"பின்ன? இத்தனை நாளா உன்னோட நாய் மாதிரி அலைஞ்சது எதுக்குன்னு நினைச்சே? கோபுரத்தைப் பாக்கவா?"

வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற நிலையைப் பார்த்து அந்தப் பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி "சார் ஃபெயிலா டீச்சர்?" என்றாள். அந்தச் சொல்லை நான் எவ்வளவு உபயோகித்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அத்தையிடமிருந்து என் போனை வாங்கி உன்னைக் கூப்பிட்டது அதற்கப்புறம்.

அக்கா, அவருக்கு ஒரு மாதமாகத் தெரியும். மாமா கட்டில் அளந்தபோது அவர் தூங்கவில்லை. "அரைக்கண்ணால பாத்தேன். திருடன் மாதிரி நாடாவ வெச்சுக்கிட்டு அளக்குறான். கட்டிலை அளக்குறவன் ஒண்ணு வீடு மாறப் போறான், இல்ல என்னைக் கட்டிலோட எங்கயாவது அனுப்பப் போறான்." பிறகு உன் கைப்பையிலிருந்து எட்டிப் பார்த்த கடித உறையில் இந்த ஊர் முத்திரையைப் பார்த்திருக்கிறார். விஷயம் விளங்கிவிட்டது. நீங்கள் சொல்வீர்கள் என்று காத்திருந்தாராம். சொல்லவில்லை.

"நீங்களே கேட்டிருக்கலாமே அத்தை?"

"எப்படிக் கேக்குறது? கேட்டா கூட்டிட்டுப் போயிடுவாங்க. மனசில்லாம கூட்டிட்டுப் போவாங்க."

இந்த வாக்கியத்தை நான் ஏற்கனவே படித்திருக்கிறேன். உன் முதல் கடிதத்தில். அம்மாவும் பிள்ளையும் ஒரே அச்சு.

அதனால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டியிருக்கிறார். நீ அவரை அனுப்பியதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய், அவர் தன்னை அனுப்ப வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். இங்கே வந்து தனக்கென்று ஒரு வீடு பிடித்து, "நான் தயார், நீங்க எப்ப வர்றீங்க?" என்று உங்களைக் கேட்பதாகத் திட்டம். துணி காயும் மாடி, நேரத்துக்கு வரும் பஸ், மழைத்தண்ணீர் நிற்காத தெரு. வீடு வீடாகத் தண்ணீர் குடித்ததற்குக் காரணம் கேட்டேன். "மருமக தண்ணி டெஸ்ட் பண்றவ. உப்புத் தண்ணி வீட்டைப் பிடிச்சேன்னு அவகிட்ட பேரு வாங்கவா?"

ஒன்றைத் தெளிவாக எழுதச் சொன்னார். அவருக்குத் தனி வீடு. உங்களுக்கென்று அடுத்த தெருவில் வேறொன்று பார்த்து வைத்திருக்கிறார். "எனக்கு ஒரு வாசல், அவங்களுக்கு ஒரு வாசல். கோவம் வந்தா என் வீட்டுக்குப் போவேன், பசிச்சா அவங்க வீட்டுக்கு வருவேன்." அவர் தேர்ந்தெடுத்த வீடு எது என்று கேட்காதே. சரி, கேள். என் கட்டடம். எனக்கு நேர் மேலே, நான்காம் மாடி. அந்த மைதானத்துக்குப் பக்கம் என்பதால்.

நான் போட்ட ஃபெயில் எல்லாவற்றையும் அடித்துவிடு. அளவுகோலே தப்பு.

ஸ்பேனர்


ஏப்ரல் 21

அருமை ஸ்பேனரே,

உன் போன் வந்தபோது நான் இயக்குநர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உறை மடியில். உள்ளே யாரோ பேசிக்கொண்டிருந்தார், என் முறைக்குக் காத்திருந்தேன். நீ போட்ட சத்தத்தில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பியூன் ஓடிவந்து மின்விசிறியைப் போட்டார். நான் அழுததைப் பார்த்து அதை நிச்சயமே செய்துவிட்டார். "யாரும்மா?" என்றார். "மாமியார்" என்றேன். "எப்ப?" என்றார். "எப்போதும் இல்லை, உயிரோடு, விசில் ஊதிக்கொண்டிருக்கிறார்" என்று சொல்லிச் சிரித்தேன். அவர் என்னை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

உறையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உன் மாமா அதை வாங்கி நாலாக மடித்து, ஆடுகிற சாப்பாட்டு மேஜைக் காலுக்கு அடியில் வைத்தார். மேஜை இப்போது ஆடவில்லை. மறுநாள் காலை, "வேலைக்கு வருகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதற்கு இரண்டு பக்கம் ஆயிற்று.

உன்னிடம் சொல்ல என்ன. தனி வீடு என்று படித்ததும் நெஞ்சில் சுருக்கென்றது. நம்மோடு இருக்கப் பிடிக்கவில்லையோ என்று. கொஞ்ச நேரத்தில் பெரிய நிம்மதி. அந்த நிம்மதியைக் கண்டு கொஞ்சம் வெட்கம். பிறகு அத்தையே போனில், "என்னடி, தப்பிச்சோம்னு இருக்கா? எனக்கும்தான்" என்றார். வெட்கமும் போயிற்று.

உன் மாமா மட்டும், "அம்மா தூங்கலையா? அத்தனை நாளும் தூங்கலையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அத்தை தேர்ந்தெடுத்த இரண்டு வீட்டுத் தண்ணீரையும் சுத்தமான பாட்டிலில் பிடித்து அனுப்பு. நாக்கு நாக்குதான், சோதனை சோதனைதான்.

அக்கா

பின்குறிப்பு: நான்காம் மாடி என்கிறாயே, லிஃப்ட் செத்துக் கிடக்கிறதே? கை வைக்கக் கூடாது என்று உட்கார்ந்திருப்பாயா?


மே 9

அக்காவுக்கு,

தண்ணீர் முடிவு கிடைத்தது. அத்தையிடம் "உங்கள் நாக்கு சரி" என்று நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். அந்தத் தாளை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். இனி வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவார்.

லிஃப்ட் விஷயம். பராமரிப்பை எங்கள் கம்பெனிக்கு மாற்றித் தரும்படி வீட்டுக்காரரிடம் நான் ஒரு வருஷமாகக் கேட்டேன், மாற்றவில்லை. அத்தை ஒரு நாள் போய்ப் பேசினார். விசில் ஊதினாரா என்று தெரியாது. மறுநாள் கையெழுத்தாகிவிட்டது. நானும் இரண்டு பேரும் சேர்ந்து கயிறு, பிரேக், கதவு எல்லாம் மாற்றினோம். நேற்று முதல் ஓட்டம்.

அத்தையை ஏறச் சொன்னேன். "முதல்ல நீ போய்ட்டு உயிரோட வா" என்றார். போய்ட்டு வந்தேன். பிறகு ஏறினார். நான்காம் மாடியில் கதவு திறந்தது. ஜன்னலில் மைதானம் தெரிகிறது, மலைகூடத் தெரிகிறது. அவர் எதையும் பார்க்கவில்லை. அந்த வலிக்கிற முழங்காலை மடக்கிக் குந்தி உட்கார்ந்து, லிஃப்ட் தரைக்கும் மாடித் தரைக்கும் நடுவே விரலை வைத்துத் தடவினார். இரண்டு விரல் அல்ல, ஒரு நகம்கூட ஏறவில்லை.

எழுந்து, என்னைப் பார்த்து, "பாஸ்" என்றார்.

சொன்னவர் விடுவிடென்று படியிலேயே இறங்கிப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அத்தை! படியிலயே போறதுக்கு இவ்வளவு பாடுபட்டு லிஃப்ட் யாருக்கு?"

இரண்டாம் மாடியிலிருந்து குரல் வந்தது: "கட்டிலுக்கு!"

ஆகவே மாமாவிடம் சொல். அந்த டிராயரைத் திறக்கட்டும். கட்டிலின் நீளம், அகலம், உயரம் மூன்றும் எனக்கு உடனே வேண்டும். லிஃப்டில் நுழையுமா என்று பார்க்க வேண்டும். இந்த முறை சத்தம் போட்டுக்கொண்டே அளக்கலாம்.

ஸ்பேனர்